மாதக் கெடுகள் தவறாமல் நடக்க: சிறு நிறுவனத்துக்கு ஒரு தானியங்கி ஏற்பாடு

ஐந்து பேர் முதல் இருபத்தைந்து பேர் வரை வேலை பார்க்கும் பட்டறை, மொத்தக் கடை, சிறு ஏற்றுமதி நிறுவனம் நடத்துபவர்களுக்கான வழிகாட்டி இது. இத்தகைய இடங்களில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போது பிடித்துக் கட்டும் வருமான வரி), பிஎஃப் கெடுகளும் டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப்பும் லைசென்ஸ் புதுப்பிப்பும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் ஞாபகத்தில்தான் ஓடும். அவர் ஊருக்குப் போனால் கெடு தவறும்.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட், அதைத் தினமும் பார்த்து நினைவூட்டும் ஒரு சிறு நிரல் (ஸ்கிரிப்ட்), ஒரு டெலிகிராம் குரூப் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். தானியங்கி ஏற்பாட்டின் பெரிய ஆபத்து அது தப்பாக ஓடுவது அல்ல. சத்தமில்லாமல் நின்றுபோவதுதான். நினைவூட்டல் வரவில்லை என்றால் 'வேலை ஒன்றும் பாக்கி இல்லை போல' என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கீழே உள்ள படிகளில் பாதி, அந்த நிம்மதி பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

1. எதைத் தானியங்கி ஆக்குவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஒரு வேலை பட்டியலில் ஏற மூன்று தகுதிகள் வேண்டும்: கெடு தேதி இருக்க வேண்டும், பொறுப்பாக ஒரு பெயர் இருக்க வேண்டும், முடிந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும். 'கடையைச் சுத்தமாக வைப்பது' இதில் வராது. '20-ம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல், ஆதாரம் ஏஆர்என் எண் (தாக்கலுக்குக் கிடைக்கும் ஒப்புகை எண்)' என்பது வரும்.

முதல் மாதம் ஐந்தாறு வேலைகள் போதும். அது தடையில்லாமல் ஓடிய பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம்.

2. ஆவணங்களை எடுத்து வைத்துத் தேதிகளை எழுதுங்கள்

அதிக நேரம் பிடிப்பது இந்தப் படிதான், இரண்டு மதியம் ஒதுக்குங்கள். மேசையில் இருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, டேன் எண் (டிடிஎஸ் கட்டுபவருக்கான எண்) ஒதுக்கீட்டுக் கடிதம், பிஎஃப் மற்றும் இஎஸ்ஐ கோடு கடிதங்கள், தொழிற்சாலை அல்லது கடை உரிமம், உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், எடைத்தராசு முத்திரைச் சான்று, வண்டிகளின் ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி புதுப்பிப்புத் தேதி, இணையதளம் இருந்தால் டொமைன் பெயரின் காலாவதித் தேதி.

மாதந்தோறும் வரும் முக்கியக் கெடுகள் இவை:

டிடிஎஸ் கட்ட அடுத்த மாதம் 7. மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. தாமதமானால் மாதத்துக்கு 1.5% வட்டி. மாதத்தின் ஒரு துண்டும் முழு மாதமாகவே கணக்கிடப்படும், ஆகவே ஒரு நாள் தாமதமும் ஒரு மாத வட்டியைக் கூட்டிவிடும்.

ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), மாதத் தாக்கல் என்றால் 11. 3பி 20. இந்த இரண்டுக்கும் நடுவில் 14-ம் தேதி 2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) வருகிறது. கொள்முதல் பில்களை 2பியோடு ஒப்பிடும் வேலை அதன் பிறகுதான் தொடங்க முடியும். அதாவது ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையரை விரட்டி, பணம் ஏற்பாடு செய்து, தாக்கல் செய்ய உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஆறு நாள். அதனால் '3பி' என்று ஒரே வரியாக எழுதாதீர்கள். '2பி ஒப்பீடு - 16', 'சலான் - 18', '3பி தாக்கல் - 19' என்று மூன்றாக உடையுங்கள். சலானுக்கு உருவாகும் சிபின் எண் 15 நாள் செல்லும். ஆகவே முன்கூட்டியே எடுப்பதால் நஷ்டம் இல்லை.

காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு (ஆண்டு விற்பனை 5 கோடி வரை) காலாண்டின் முதல் இரண்டு மாத வரியைக் கட்ட அடுத்த மாதம் 25. காலாண்டு 3பி தமிழ்நாட்டில் 22. தாமதக் கட்டணம் சாதாரண ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், 'நில்' ரிட்டர்னுக்கு 20 ரூபாய். வியாபாரமே நடக்காத மாதத்தில்தான் நில் ரிட்டர்ன் மறந்துபோகும், அதையும் பட்டியலில் ஏற்றுங்கள்.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15. டிடிஎஸ் ரிட்டர்ன் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. தொழிலாளர் நல நிதி ஜனவரி 31. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவர்களுக்கு எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக.

அரசு இடையிடையே கெடுகளைத் தள்ளிப்போடும். அதை நம்பி ஷீட்டில் தேதியை மாற்றாதீர்கள். உங்கள் கெடு முடிந்தவரை சட்டக் கெடுவுக்கு மூன்று நாள் முன்பாக இருக்கட்டும், 3பி போல இடைவெளி குறைந்தவற்றுக்கு ஒரு நாளாவது முன்பாக. கடைசி நாள் சாயங்காலம் போர்ட்டல் எப்படித் திணறும் என்று உங்கள் ஆடிட்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.

தேதி நிலையாக இல்லாத வேலைகளும் உண்டு. மின்கட்டணக் கெடு ரீடிங் எடுத்த நாளிலிருந்து ஓடும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு ரீடிங் எடுத்த தேதியையோ சரக்கை ஏற்ற தேதியையோ போட்டால் கெடு தானாக வரும்படி சூத்திரம் வையுங்கள்.

3. நிறுவனத்துக்கென்று தனி ஜிமெயில் தொடங்குங்கள்

கணக்கரின் சொந்த ஜிமெயிலில் இதைக் கட்டக் கூடாது. ஷீட்டுக்குள் நிரல் எழுதும் வசதியான கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் டிரிகர்கள் (நிரலைக் குறித்த நேரத்தில் ஓட்டும் அமைப்புகள்), அவற்றை உருவாக்கியவரின் கணக்கின் பேரில்தான் ஓடும். அவர் வேலையை விட்டுக் கணக்கை மூடினாலோ அனுமதியைத் திரும்பப் பெற்றாலோ எல்லாம் நின்றுவிடும்.

புதிய கணக்கின் மீட்பு எண்ணாக முதலாளியின் கைபேசி எண்ணைக் கொடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து லாக்கரில் வையுங்கள். இந்த ஜிமெயிலுக்கு வரும் அஞ்சல் அனைத்தும் முதலாளி தினமும் பார்க்கும் மெயிலுக்கு ஃபார்வர்ட் ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் பழுதானால் கூகுள் இந்த முகவரிக்குத்தான் எழுதும். யாரும் திறக்காத பெட்டியில் எச்சரிக்கை விழுந்து பயன் இல்லை.

செலவு ஒன்றும் இல்லை. இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளுக்கு 100 பேருக்கு மெயில் அனுப்பலாம். ஒரு தடவை ஓடினால் 6 நிமிடம் வரை ஓடலாம். இந்த வேலைக்கு சில விநாடிகளே போதும். இடம் மட்டும் 15 ஜிபிதான், ஆகவே சலான் நகல்களைத் தவிர வேறு எதையும் இதில் சேர்க்க வேண்டாம்.

4. ஷீட்டை அமைக்கும் முறை

இரண்டு தாள்கள் வேண்டும். முதலாவது 'மூலப் பட்டியல்': வேலை, எந்தெந்த மாதம், எந்தத் தேதி, பொறுப்பாளர், மாற்று ஆள், என்ன ஆதாரம். இரண்டாவது 'நடப்பு': மூலப் பட்டியலிலிருந்து அந்த மாதத்துக்கு உருவாகும் வரிகள், ஆதார எண், முடித்த தேதி. ஒரே தாளில் தேதியை மாற்றி மாற்றி எழுதினால் போன மாதம் என்ன நடந்தது என்பதற்குத் தடயமே இருக்காது.

'முடிந்தது' என்று டிக் போடும் கட்டம் வைக்காதீர்கள். டிக் போடுவது எல்லாருக்கும் எளிது. ஆதார எண்ணை எழுதினால்தான் வரி மூடும் என்று வையுங்கள்: ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஏஆர்என், வரிக்குச் சலான் எண், பிஎஃப்புக்கு டிஆர்ஆர்என் (பிஎஃப் சலானின் எண்). ஏஆர்என் கட்டத்தில் நீளம் 15 இல்லாவிட்டால் ஏற்காதபடி டேட்டா வேலிடேஷன் போடுங்கள். 'அனுப்பியாச்சு', 'ஓகே' என்று எழுதும் பழக்கம் அங்கேயே நிற்கும்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

முதலாவது தேதி. ஷீட்டின் அமைப்புகளில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/04 என்று தட்டியது மே 4 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் வெறும் எழுத்தாக நின்றுவிடும், ஸ்கிரிப்ட் அதைத் தேதியாகவே பார்க்காது. ஃபைல் மெனுவில் அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்றும் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்றும் மாற்றுங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டுக்குத் தனியாக இன்னொரு நேர மண்டல அமைப்பு உண்டு, அதையும் மாற்ற வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கெடு ஒரு நாள் முன்னோ பின்னோ விழும்.

இரண்டாவது தாளின் பெயர். யாராவது 'நடப்பு' தாளுக்கு 'நடப்பு புதுசு' என்று பெயர் மாற்றினால் ஸ்கிரிப்ட் அதைத் தேடிக் காணாமல் விழுந்துவிடும். நடுவில் ஒரு நெடுவரிசை நுழைத்தாலும் அதே கதி. ஆதார எண் எழுதும் நெடுவரிசையை மட்டும் திறந்து விட்டு மற்றதைப் பூட்டி வையுங்கள்.

மூன்றாவது நகல். ஏப்ரல் வந்ததும் 'புது வருஷத்துக்குப் புது ஃபைல்' என்று நகலெடுப்பது நம் பழக்கம். நகலெடுத்தால் ஸ்கிரிப்ட் கூடவே வரும், டிரிகர் வராது. புது ஃபைல் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் ஒருநாளும் ஓடாது. ஒரே ஃபைலைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் நகலெடுக்க வேண்டுமென்றால் டிரிகரைக் கையால் மறுபடி போடுங்கள்.

5. ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்

நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கீழே உள்ள விதிகளை அப்படியே தெரிந்த பையனிடமோ ஏஐ உரையாடல் செயலியிடமோ கொடுத்தால் நூறு வரிக்குள் எழுதிக்கொடுக்கும். விதிகள்தான் முக்கியம்.

தினமும் காலை ஓடு. இந்த மாதத்து வரிகள் 'நடப்பு' தாளில் இருக்கின்றனவா என்று பார், இல்லாதவற்றை மட்டும் சேர். கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தால் பொறுப்பாளர் பெயரைச் சொல். இரண்டு நாள் இருந்தால் மாற்று ஆளையும் சேர்த்துச் சொல். கெடு நாள் வந்தும் ஆதார எண் இல்லையென்றால் முதலாளிக்குச் சொல், ஆதார எண் வரும்வரை தினமும் சொல். எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்பு. ஒன்றுமே பாக்கி இல்லாத நாளிலும் 'இன்று பாக்கி இல்லை' என்று அனுப்பு.

'மாதம் 1-ம் தேதி ஓடி வரிகளை உருவாக்கு' என்று எழுதச் சொல்லாதீர்கள், இது பலர் விழும் இடம். அந்த ஒரு நாள் கூகுளிலோ இணையத்திலோ சிக்கல் வந்தால் அந்த மாதத்துக்கு வரியே இருக்காது. வரி இல்லாவிட்டால் பாக்கியும் இல்லை, நினைவூட்டலும் இல்லை. தினமும் சரிபார்த்து விடுபட்டதைச் சேர்க்கும் முறையில் நேற்று தவறியதை இன்று பிடித்துவிடும். ஒரே வரி இரண்டு தடவை சேராமல் இருக்க 'வேலையின் பெயர் + மாதம்' என்பதை அடையாளமாக வைத்தால் போதும்.

வேலைக்கு ஒரு செய்தி என்று அனுப்பினால் இரண்டு வாரத்தில் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு செய்தி, அதில் பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

டிரிகர் போடும்போது 'டைம் டிரிவன்' வகையில் நாள்தோறும், காலை 8 முதல் 9 என்று தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும், சரியாக எட்டுக்கு எதிர்பார்க்காதீர்கள். அதே பெட்டியில் பழுது அறிவிப்பு 'தினமும்' என்று இருக்கும். 'உடனடியாக' என்று மாற்றுங்கள். முதல் தடவை அனுமதி கேட்கும்போது 'இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை' என்று மிரட்டும். நீங்களே உங்கள் கணக்கில் வைத்த ஸ்கிரிப்ட் என்பதால் 'அட்வான்ஸ்டு' அழுத்தித் தொடரலாம். வேறு யாரோ அனுப்பிய ஷீட்டில் இதே கேள்வி வந்தால் தொடரக் கூடாது.

6. செய்தி எதில் வர வேண்டும்

எல்லாரும் முதலில் கேட்பது வாட்ஸ்அப். அதிகாரப்பூர்வ வழி வணிக ஏபிஐதான் (நிறுவனங்களின் நிரல்கள் செய்தி அனுப்புவதற்கான இணைப்பு). அதற்கு நிறுவனச் சரிபார்ப்பு, வார்ப்புருச் செய்திக்கு முன் அனுமதி, செய்திக் கட்டணம் எல்லாம் உண்டு. 'உங்கள் நம்பரையே இணைத்துத் தருகிறோம்' என்று வரும் மலிவான வழிகள் நம்பரையே முடக்கிவிடலாம். வாடிக்கையாளர்களிடம் கொடுத்த நம்பரைப் பணயம் வைக்கும் அளவுக்கு இது ஒன்றும் அவசியம் இல்லை. எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு (வணிகச் செய்தி அனுப்புபவருக்கான கட்டாயப் பதிவு) வேண்டும். ஐந்து பேருக்குச் செய்தி சொல்ல அவ்வளவு சிரமம் வேண்டாம்.

டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) இலவசம், பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். ஒரு குரூப் தொடங்கி, பாட்டையும் சம்பந்தப்பட்டவர்களையும் சேருங்கள். பாட்டின் டோக்கன் (அதை இயக்கும் ரகசியக் குறியீடு) வீட்டுச் சாவி மாதிரி. அதை ஷீட்டின் கட்டத்தில் எழுதி வைக்காமல் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அமைப்புகளில் உள்ள ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸில் போடுங்கள்.

அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒன்று இங்கே இருக்கிறது. சாதாரண குரூப்பின் அமைப்புகளில் சில மாற்றங்கள் செய்தால் டெலிகிராம் அதை சூப்பர்குரூப் ஆக்கிவிடும். அப்போது குரூப்பின் எண் மாறிவிடும். பழைய எண்ணுக்கு அனுப்பும் செய்திகள் பிழையோடு திரும்பும். பிழையை விழுங்கும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எனவே டெலிகிராம் பிழை சொன்னால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று மெயிலில் கத்த வேண்டும் என்றும் விதியில் சேருங்கள்.

7. டேலி பேக்கப்

இது கணினியிலேயே நடக்க வேண்டிய வேலை. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரும் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது) ரோபோகாப்பியும் (கோப்புகளை நகலெடுப்பது) ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்க வேண்டும்.

டேலி திறந்திருக்கும்போது நகலெடுத்தால் கோப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். ஆகவே கடை மூடும் நேரத்துக்கு அரை மணி தள்ளி ஓட விடுங்கள், டேலியை மூடிவிட்டுப் போவது கணக்கரின் கடைசி வேலையாக இருக்கட்டும். டேலியின் டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவில் வைத்து அதிலிருந்து ஓட்டுவது வேண்டாம். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுக்கும்.

ரோபோகாப்பியில் 'மிர்' என்ற கட்டளையைப் பல இடங்களில் பரிந்துரைப்பார்கள். அது மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) கோப்புகளைக் கெடுத்தால் கெட்ட கோப்புகளே நகலாகும். அதற்குப் பதிலாகக் கிழமைக்கு ஒரு ஃபோல்டர் என்று ஏழு ஃபோல்டர்கள் வையுங்கள். திங்கள் கெட்டால் ஞாயிறு இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் விட்டுவைக்காது.

டாஸ்க் ஷெட்யூலரில் பார்க்க வேண்டிய கட்டங்கள்: 'பயனர் உள்நுழைந்திருந்தால் மட்டும் ஓடு' என்பதை மாற்றுங்கள். லேப்டாப் என்றால் 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும்' என்பதை எடுங்கள். 'தவறிய நேரத்தை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு' என்பதை டிக் செய்யுங்கள், மின்வெட்டு இருந்த இரவுக்கு அதுதான் கை கொடுக்கும். விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த டாஸ்க் நின்றுவிடும், மாற்றிய அன்றே இங்கேயும் புதிதைக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவை எழுத்தால் குறிக்காமல் முழுப் பாதையால் குறியுங்கள், யாரும் உள்நுழையாதபோது அந்த எழுத்து இருக்காது.

ஓடிய முடிவு 0எக்ஸ்1 என்று காட்டினால் பதற வேண்டாம். ரோபோகாப்பியில் 1 என்றால் கோப்புகள் நகலாயின என்று பொருள். 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி.

8. காவலுக்குக் காவல்

ஸ்கிரிப்ட் நின்றதை ஸ்கிரிப்ட்டே சொல்ல முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். ஹெல்த்செக்ஸ்.ஐஓ போன்ற சேவைகள் ஒரு தனி இணைய முகவரி தரும். ஸ்கிரிப்ட் வேலையை முடித்ததும் அந்த முகவரியைத் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அது உங்களுக்கு மெயில் அனுப்பும். இலவசத் திட்டத்தில் 20 வேலைகள் வரை வைக்கலாம். உங்களுக்குத் தேவை இரண்டுதான்: காலை ஸ்கிரிப்ட், இரவு பேக்கப்.

இடைவெளி ஒரு நாள், சலுகை நேரம் மூன்று மணி என்று வையுங்கள். தட்டல் கடைசி வரியாக இருக்க வேண்டும், டெலிகிராமுக்குச் செய்தி போன பிறகு. முதல் வரியில் வைத்தால் பாதியில் விழுந்தாலும் 'நலம்' என்றே காட்டும். பேக்கப்பிலும் ரோபோகாப்பியின் முடிவு 8-க்குக் கீழே இருந்தால் மட்டும் தட்ட வேண்டும். எச்சரிக்கை போகும் மெயில், படி 3-ல் தொடங்கிய கணக்காக இருக்கக் கூடாது. அந்தக் கணக்கு முடங்கியதால்தான் எல்லாம் நின்றது என்றால்?

9. சோதனை, ஒப்படைப்பு

முதல் மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டாவது மாதம் வேண்டுமென்றே டிரிகரை ஒரு நாள் நீக்கிப் பாருங்கள், மறுநாள் மதியத்துக்குள் எச்சரிக்கை மெயில் வர வேண்டும். வராவிட்டால் படி 8 தவறு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில், வேறொரு ஃபோல்டரில் திறந்து கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். ஓடும் டேட்டாவின் மேலேயே திருப்பி எழுதிவிடாதீர்கள். இந்தச் சோதனையையும் மூலப் பட்டியலில் ஒரு வரியாக ஏற்றுங்கள், ஆதாரம் அந்த வவுச்சர் எண்.

மொத்தத்தில் டிஸ்க் செலவைத் தவிர்த்தால் பணம் ஏதும் இல்லை. பட்டியல் தயாராக இரண்டு மதியம், ஸ்கிரிப்டும் டெலிகிராமும் ஒரு நாள், பேக்கப் அரை நாள். பிறகு மாதத்துக்கு ஒரு மணி நேரம்.

ஒரு தாளில் இவற்றை எழுதி முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள்: ஜிமெயில் முகவரி, பேக்கப் குறியீடுகள் இருக்கும் இடம், ஷீட்டின் பெயர், பாட்டின் பெயர், காவல் சேவையின் கணக்கு, டாஸ்க் ஓடும் கணினி எது. பொறுப்பாளர் விலகும்போது முதலில் மூலப் பட்டியலில் பெயரை மாற்றுங்கள், அடுத்து குரூப்பிலிருந்து எடுங்கள், பிறகு ஜிமெயில் கடவுச்சொல்லையும் பாட் டோக்கனையும் மாற்றுங்கள். டோக்கனை மாற்றியதும் ஸ்கிரிப்ட்டைக் கையால் ஒரு தடவை ஓட்டி, குரூப்பில் செய்தி விழுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.